டயபர் மாட்டுவதற்கு முன் பாத்ரூமுக்குக் கூட்டிப்போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், தன் பெரியப்பாவைப் பார்க்க ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனதாகவும், வாசலிலேயே மூத்திர நாற்றம் அடித்ததாகவும் எழுதியிருந்தார். "மாதாமாதம் இவ்வளவு பணம் வாங்குகிறார்களே, எல்லாருக்கும் டயபர் போட்டுவிட்டால் என்ன?" என்று கேட்டிருந்தார். நான் கோவை மாவட்டத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு வருஷம் நர்சிங் உதவியாளர் படிப்பு படித்தேன். எங்களை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருத்தி என்று தோன்றியது.

அவர் சொன்ன நாற்றம் உண்மை. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். புதிதாகப் போன சிறுநீர் அவ்வளவாக நாறாது. துணியிலும் மெத்தையிலும் மணிக்கணக்கில் ஊறிக் கிடக்கும்போதுதான் மூக்கில் ஏறுகிற அந்த அமோனியா வாடை கிளம்பும். தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்களுக்கு இன்னும் காட்டமாக இருக்கும். அப்படியென்றால் அந்த இல்லத்தில் யாரோ ஒரு பெரியவர் வெகுநேரம் ஈரத்திலேயே கிடந்திருக்கிறார். டயபர் போட்டிருந்தால் அந்த வாசகருக்கு அது தெரியாமல் போயிருக்கும். கிடந்தவருக்குத் தெரிந்திருக்கும்.

எனக்கு இதைப் புரியவைத்தவர் ஒரு டீச்சரம்மா. அரசுப் பள்ளியில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்தவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து எங்களிடம் வந்தார். ஆஸ்பத்திரியில் மாட்டிய டயபரோடேயே வந்தார். சேர்க்கைப் படிவத்தில் 'டயபர் நோயாளி' என்று எழுதியிருந்தது. நாங்களும் அப்படியே தொடர்ந்தோம். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்று. மூன்றாவது நாள் நான் மாற்றிக்கொண்டிருந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "கண்ணு, எனக்கு வர்றது தெரியுது. கூப்புட்டா யாரும் வர்றதில்ல. அதுக்குள்ள போயிருது."

இப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. வருவது தெரிந்த ஒரு மனுஷிக்கு நாங்கள் தெரியாதவர்களுக்கு மாட்டுவதை மாட்டி வைத்திருந்தோம். ஆஸ்பத்திரியிலும் யாரும் அவரைக் கேட்கவில்லை, எங்கள் இல்லத்திலும் கேட்கவில்லை, பெற்ற மகனும் கேட்கவில்லை.

அன்றைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். எத்தனை மணிக்கு என்ன குடித்தார், எத்தனை மணிக்குப் போனார், தொட்டுப் பார்க்கும்போது ஈரமா காய்ந்திருந்ததா, இவ்வளவுதான் எழுதினேன். மூன்று நாள் எழுதியதும் ஒரு கணக்கு தெரிந்தது. காலையில் கண் விழித்ததும் ஒரு தடவை. காபி குடித்து முக்கால் மணி நேரத்தில் ஒரு தடவை. பதினொரு மணிவாக்கில், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், நாலு மணிக்கு. ஆனால் சாயங்காலம் ஏழிலிருந்து பத்துக்குள் மட்டும் மூன்று தடவை முழுக்க நனைந்திருந்தது. ஏன் என்று பார்த்தால், கால் வீக்கத்துக்காக டாக்டர் எழுதிக்கொடுத்த நீர் பிரியும் மாத்திரையை நாங்கள் ஆறு மணிக்கு மற்ற மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அது ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும். பகல் ஆட்கள் வீட்டுக்குப் போய் ஒரே ஒருத்தி இருக்கும் நேரம் அது. வியாழக்கிழமை வருகிற டாக்டரிடம் நோட்டைக் காட்டினேன். மாத்திரையைக் காலை எட்டு மணிக்கு மாற்றிக் கொடுத்தார்.

அப்புறம் கட்டிலின் உயரம். உட்கார்ந்தால் அவர் கால் தரையில் படவில்லை. கால் படாமல் யாராலும் தானாக எழுந்து நிற்க முடியாது. கட்டிலை மாற்றினோம். பக்கத்தில் கமோடு நாற்காலி போட்டோம். பாத்ரூம் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அடித்தோம். புடவை, உள்பாவாடை, நாடா முடிச்சு எல்லாம் அவிழ்ப்பதற்குள் போய்விடுகிறது என்று அவரே சொன்னார், அதனால் பகலில் நைட்டி. ஆண்களுக்கும் அப்படித்தான். வேட்டி கட்டியவருக்குக் கஷ்டமில்லை, நாடா வைத்த பைஜாமா போட்டவர்தான் நடு ஹாலில் நின்று அழுவார். எலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுத்தால் போதும்.

மூன்று வாரத்தில் டீச்சரம்மா பகலில் டயபரை விட்டார். ராத்திரிக்கு மட்டும் ஒன்று வைத்துக்கொண்டோம், அதுவும் அவரைக் கேட்டுத்தான். எல்லாருக்கும் இப்படி நடந்துவிடும் என்று சொல்லமாட்டேன். பக்கவாதம் வந்து முழுக்கப் படுத்தவர்கள் இருக்கிறார்கள், ஞாபகம் முற்றிலும் போனவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு டயபர் தேவைதான். எங்களிடம் இருக்கிற இருபத்துநாலு பேரில் இருபது பேர் ஒரு காலத்தில் டயபரில் இருந்தார்கள். இப்போது பகலில் எட்டு பேர்தான். நாங்கள் மருந்து எதுவும் புதிதாகக் கொடுக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கேட்டு, கைபிடித்துக் கூட்டிப்போனோம்.

தண்ணீர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். நனைத்துவிடுவோமோ என்று பயந்து பெரியவர்கள் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். டீச்சரம்மா நாலு மணிக்கு மேல் அரை டம்ளர்கூடக் குடிக்கமாட்டார். அவர் வேலை பார்த்த பள்ளியில் ஆசிரியைகளுக்குக் கழிப்பறையே இல்லையாம். காலையில் வீட்டில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான். அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் பழகியிருக்கிறார். ஆனால் தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகிச் சிறுநீர்ப் பையை உறுத்தும், இன்னும் அடிக்கடி வரும். நீர்ப்பாதையில் கிருமி சேரும். மலம் இறுகும். ராத்திரி படுப்பதற்கு முந்தின இரண்டு மணி நேரம் குறைத்துக்கொண்டால் போதும், பகலில் நன்றாகக் குடிக்க வேண்டும். இதய நோய், சிறுநீரக நோய் இருந்து டாக்டர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவு.

மலம் இறுகுவதால் என்ன ஆகும் என்பதை ஒரு மில் ஐயா மூலமாகத்தான் கற்றுக்கொண்டேன். ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டு பார்த்தவர், எண்பத்தொரு வயது. மூன்று நாளாகத் தண்ணியாகப் போய்க்கொண்டே இருந்தது. பேதி என்று நினைத்து அதை நிறுத்துகிற மாத்திரை கொடுத்துவிட்டோம். டாக்டர் வந்து கையுறை மாட்டிக்கொண்டு பரிசோதித்தால் உள்ளே கல் மாதிரி அடைத்திருக்கிறது. அந்த அடைப்பின் ஓரமாகத்தான் தண்ணியாகக் கசிந்திருக்கிறது. நாங்கள் கொடுத்த மாத்திரை அதை இன்னும் இறுக்கியிருக்கிறது. எனிமா கொடுத்து வெளியேற்றியதும் அவருக்கு வயிறு சரியானது மட்டுமல்ல, சிறுநீர் ஒழுகுவதும் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, ஏனென்றால் அந்த அடைப்பு சிறுநீர்ப் பையையும் அழுத்திக்கொண்டிருந்தது. "அம்மிணி, இத முன்னாலயே பாத்திருக்கலாமில்ல?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இப்போது யாருக்காவது திடீரென்று இப்படி ஆனால், கடைசியாக எப்போது சரியாகப் போனார் என்றுதான் முதலில் நோட்டைப் பார்க்கிறேன். அவர் வாழ்நாள் முழுக்கக் குத்தவைத்துப் பழகியவர், வெஸ்டர்ன் கமோடில் உட்கார்ந்தால் அவருக்கு வராது. காலுக்கு அடியில் ஒரு சின்ன ஸ்டூல் போட்டு முழங்காலை உயர்த்திக் கொடுத்தோம், சரியாகிவிட்டது.

வயசானால் ஒழுகத்தான் செய்யும் என்று வீட்டில் இருப்பவர்களும் நம்புகிறார்கள், டாக்டரிடம் கூட்டிப்போவதே இல்லை. நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்றைக்கு நனைக்கிறார், கூடவே சம்பந்தமில்லாமல் பேசுகிறார், ஆளைத் தெரியவில்லை என்றால் அது நீர்ப்பாதைத் தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே பார்க்க வேண்டும். ஆண்களுக்குச் சிறுநீர்ப் பைக்குக் கீழே இருக்கிற புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருந்தால் பை முழுசாகக் காலியாகாமல் சொட்டுச்சொட்டாக ஒழுகும். அப்படி இருப்பவருக்கு வீட்டில் இருக்கிற சளி மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், சில சளி மாத்திரைகளால் சிறுநீர் அடியோடு அடைத்துக்கொள்ளும். சர்க்கரை கூடியிருந்தாலும் அடிக்கடி போகும். பெண்கள் விஷயம் இன்னும் மோசம். பிரசவத்துக்குப் பிறகு இருமினால், தும்மினால், பாரம் தூக்கினால் கசிகிறது என்பதை முப்பது வருஷம் யாரிடமும் சொல்லாமல் துணி வைத்துச் சமாளித்தவர்கள் எங்களிடம் ஐந்து பேர் இருக்கிறார்கள். ஒரு அம்மாவுக்குக் கர்ப்பப்பையே இறங்கியிருந்தது. குளிப்பாட்டும்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கசிவுக்கு ஒரு எளிய பயிற்சி இருக்கிறது. கெகல் என்ற அமெரிக்கப் பெண்கள் நோய் மருத்துவர் 1948-ல் எழுதியது, அவர் பெயரிலேயே சொல்கிறார்கள். காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல அடித்தசையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து விட வேண்டும். பத்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. வயிற்றையும் தொடையையும் இறுக்கக்கூடாது, மூச்சை அடக்கக்கூடாது. இரண்டு மூன்று மாசம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். எங்களுக்குப் பிசியோதெரபி சொல்லித்தர வரும் தங்கை கற்றுக்கொடுத்தாள். நானும் இரண்டு பிள்ளை பெற்றவள், நானும் செய்கிறேன்.

மரியாதை என்று எல்லாரும் சொல்கிறார்கள். எங்கள் வேலையில் அது ரொம்பச் சின்ன விஷயங்களில் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் ஹாலின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு "அக்கா, அந்தத் தாத்தா மறுபடியும் போயிட்டாரு" என்று கத்துவார்கள். டிவி பார்த்துக்கொண்டிருக்கும் எல்லாரும் திரும்புவார்கள். அன்றைக்கு அந்தத் தாத்தா சாப்பிடமாட்டார். நான் பக்கத்தில் போய் "ஐயா, ஒரு நடை போயிட்டு வரலாம் வாங்க" என்பேன். அவருக்குப் புரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. மாற்றும்போது கதவைச் சாத்த வேண்டும். நாலு கட்டில் இருக்கிற அறையில் கயிறு கட்டிப் பழைய புடவையைத் திரையாகத் தொங்கவிட்டிருக்கிறோம், அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. மூக்கைப் பொத்தக்கூடாது. "குழந்தை மாதிரி" என்று கொஞ்சக்கூடாது, அவர்கள் குழந்தை இல்லை, நம்மைவிட மூத்தவர்கள். பார்க்க வந்த மகன் முன்னால் அப்பாவுக்கு மாற்றக்கூடாது. ஒரு தடவை அவசரத்தில் நான் அப்படிச் செய்துவிட்டேன். அந்த அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், மகன் போகும்வரை திரும்பவே இல்லை.

ஞாபக மறதி வந்த ஒரு பாட்டி பூந்தொட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். "பாத்ரூம் போலாமா பாட்டி?" என்று எத்தனை தடவை கேட்டாலும் வெறித்துப் பார்ப்பார். அவருடைய ஊரிலிருந்து பார்க்க வந்த நாத்தனார்தான் சொன்னார், "வெளிய போலாமுங்களான்னு கேளு கண்ணு" என்று. கேட்டேன், உடனே எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்த சொல் அதுதான். அப்புறம் பாத்ரூம் கதவைத் திறந்தே வைத்து, உள்ளே விளக்கைப் போட்டு வைத்தோம், படுக்கையிலிருந்து பார்த்தால் டாய்லெட் பேஸின் தெரிகிற மாதிரி. முந்தானையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தால், இருப்புக்கொள்ளாமல் தவித்தால், நேரமாகிவிட்டது என்று எங்களுக்குத் தெரியும்.

தோலைப் பற்றியும் எழுத வேண்டும், வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களுக்காக. சுத்தமாக இருக்கட்டும் என்று டெட்டால் தண்ணீரால் துடைப்பார்கள், எரிந்து தோல் வெந்துபோகும். வெதுவெதுப்பான தண்ணீரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும். பெண்களுக்கு முன்னாலிருந்து பின்னால் துடைக்க வேண்டும், மாற்றித் துடைத்தால் மலத்தில் இருக்கும் கிருமி நீர்ப்பாதைக்குப் போகும். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு ஜிங்க் ஆக்சைடு களிம்பு மெல்லிசாகத் தடவலாம். பவுடர் வேண்டாம், மடிப்பில் கட்டிகட்டியாகச் சேர்ந்து அதுவே உரசும். நம் ஊர் வெயிலில் ஈர டயபரோடு ஆறு மணி நேரம் படுத்திருந்தால் தோல் சிவந்துவிடும், அந்த இடத்தில்தான் படுக்கைப்புண் ஆரம்பிக்கும். சில வீட்டுக்காரர்கள் "யூரின் ட்யூப் போட்டு பையை மாட்டிவிடுங்க, தொந்தரவில்லை" என்று கேட்கிறார்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டவருக்கு, ஆறாத புண் இருப்பவருக்கு டாக்டர் பார்த்துப் போடுவது வேறு. நம் வசதிக்காகப் போட்ட ட்யூப் நாளாக ஆகக் கிருமியைத்தான் உள்ளே கொண்டுபோகும்.

சரி, பிறகு ஏன் இல்லங்களில் எல்லாருக்கும் டயபர் மாட்டுகிறார்கள்? ஆள் இல்லை, அதுதான் காரணம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் ராத்திரி இருபத்திரண்டு பேருக்கு நான் ஒருத்தி. ஒரே நேரத்தில் மூன்று பேர் கூப்பிடுவார்கள். ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகும்போது இன்னொருவர் அவசரத்தில் தானாக எழுந்து விழுந்துவிடுவார். அதற்குப் பயந்து மாலை ஏழு மணிக்கு எல்லாருக்கும் டயபர் மாட்டிவிடச் சொன்னார்கள், காலை ஏழுக்குத்தான் கழற்றுவோம். கையுறையைக் கழுவிக் காயவைத்து மறுபடியும் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். நான் அங்கே அதைச் செய்தேன். இரண்டு வருஷம் செய்தேன். அந்த அம்மாக்களின் முகம் எனக்கு மறக்கவில்லை.

காசும் ஒரு காரணம். பெரியவர்களுக்கான டயபர் ஒன்று முப்பது, நாற்பது ரூபாய். ஒரு நாளைக்கு நாலு என்றால் மாசம் மூவாயிரத்து அறுநூறிலிருந்து நாலாயிரத்து எண்ணூறு வரை போகும். "ரெண்டு போதும், சிக்கனமா போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகும் பிள்ளைகளை நான் குறைசொல்லவில்லை, அவர்களுக்கும் வாடகை, ஸ்கூல் ஃபீஸ் இருக்கிறது. ஆனால் இரண்டு என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. சானிட்டரி நாப்கினுக்கு 2018 ஜூலையில் ஜி.எஸ்.டி.யை முழுக்க எடுத்தார்கள். டயபருக்கு 2025 செப்டம்பரில் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்திருக்கிறார்கள். அந்த ஐந்தையும் எடுத்துவிடலாம், யாரும் ஆசைப்பட்டு வாங்கும் பொருள் இல்லை அது. பயன்படுத்தியதைக் காகிதத்தில் நன்றாகச் சுற்றித் தனியாகக் கொடுங்கள். திடக்கழிவு விதிகளிலேயே அது இருக்கிறது. குப்பையைக் கையால் பிரிப்பவரும் எங்களைப் போன்ற ஒரு தொழிலாளிதான்.

2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. சென்னை கிண்டியில் 2024-ல் முதியோருக்கென்றே தேசிய மருத்துவ மையம் திறந்தார்கள், நல்லது. பொள்ளாச்சியில் இருக்கிற ஒரு பாட்டி அவ்வளவு தூரம் பஸ்ஸில் நனையாமல் போக முடியாது. மாவட்ட ஆஸ்பத்திரியில் வாரம் ஒரு நாள் சிறுநீர்க் கசிவுக்கென்று தனியாக உட்கார்ந்து பார்த்தால் எத்தனையோ பேர் வருவார்கள். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி நிவாரணச் சிகிச்சையும் பிசியோதெரபியும் கொடுக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர் வீட்டில் இருந்தால் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், வருபவர்களிடம் இந்தப் பிரச்சினையையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். இல்லத்தில் யாரையாவது மோசமாக நடத்துகிறார்கள் என்று தெரிந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குப் பேசலாம்.

இல்லத்தில் சேர்க்க வருகிறவர்கள் ஏ.சி. இருக்கிறதா, கோயில் பக்கமா, சாப்பாட்டில் வெங்காயம் சேர்ப்பார்களா என்றெல்லாம் கேட்கிறார்கள். ராத்திரி எத்தனை பேர் டியூட்டியில் இருப்பார்கள் என்று இந்தப் பதினோரு வருஷத்தில் என்னிடம் கேட்டவர் ஒரே ஒருவர். பகலில் எத்தனை தடவை பாத்ரூமுக்குக் கூட்டிப்போவீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. நீங்கள் கேட்க ஆரம்பித்தால் முதலாளிகள் ஆள் போடுவார்கள். நாங்கள் கேட்டு அவர்கள் போடுவதில்லை.

டீச்சரம்மாவின் பேரனுக்குப் போன தை மாசம் திருப்பூரில் கல்யாணம். மகன் முதலில் கூட்டிப்போகத் தயங்கினார், மண்டபத்தில் எல்லார் முன்னாலும் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று. நான் கூட வருகிறேன் என்று சொன்னேன். முந்தின நாளே மண்டபத்துக்குப் போன் பண்ணிக் கீழ்த்தளத்தில் வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டேன். நீர் பிரியும் மாத்திரையை அன்றைக்குக் கல்யாணம் முடிந்து போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். பையில் ஒரு மாற்றுப் புடவையும் இரண்டு உள்ளாடையும் வைத்துக்கொண்டேன். புறப்படும்போது ஒரு தடவை, மண்டபத்தில் இறங்கியதும் ஒரு தடவை, முகூர்த்தத்துக்கு முன்னால் ஒரு தடவை. பட்டுப்புடவையில் முன் வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டார். சாப்பிட்டுவிட்டு இரண்டு டம்ளர் தண்ணீர் தானாகக் கேட்டு வாங்கிக் குடித்தார். மாற்றுப் புடவை பையிலேயே இருந்தது.

அந்த வாசகர் மறுபடியும் தன் பெரியப்பாவைப் பார்க்கப் போனால், பெரியப்பாவிடம் தனியாக, யாரும் பக்கத்தில் இல்லாதபோது, "வர்றது தெரியுதுங்களா?" என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கட்டும். தெரியுது என்று அவர் சொன்னால், அன்றைக்கே போய் இல்லத்துக்காரர்களிடம் பேசட்டும்.

நான் இன்னும் வேலையில் இருப்பதால் என் பெயரையும் இல்லத்தின் பெயரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பராமரிப்பாளர்,
கோவை மாவட்டம்.